மாமாவின் இரண்டாவது பாதி

பருவம் மாறினால் கப்பலும் இடம் மாறும். ஒரு கடலில் குளிர் தொடங்கியதும், சுற்றுலாக் கப்பல்கள் வெயில் இருக்கும் இன்னொரு கடலுக்குக் குடிபெயரும். காலியாகப் போக மனசு வராமல், பதினேழு நாள் பயணத்தை அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். அறை உண்டு, சாப்பாடு உண்டு, மேல்தளத்தில் பாட்டுக் கோஷ்டி உண்டு. இல்லாதது ஒன்றுதான், திரும்பி வருவது. கப்பல் உங்களை உலகத்தின் அந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அந்தப் பக்கம் இறங்கியவர்களை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் சித்தப்பாவின் தொழில். கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அலுவலகம். மூன்று மேஜை, ஒரு தண்ணீர் கேன், பாய்மரம் ஒடிந்த ஒரு பொம்மைக் கப்பல். நான் காலையில் கல்லூரியில் தர்க்கம் படிப்பேன். மதியம் இங்கே வந்து விமானக் கம்பெனிகளின் கட்டணப் பட்டியலைப் பார்ப்பேன். காலையில் படித்தது மறந்துவிடும்.

ஏனென்றால், கடல் தாண்டும் விமானங்களில் ஒருவழி டிக்கெட்டை விட இருவழி டிக்கெட் விலை குறைவு. காரணம் கேட்காதீர்கள். நாங்கள் கம்பெனிக்காரர்களையே கேட்டிருக்கிறோம். "ஆமா சார்" என்றார்கள்.

ஆகவே எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஊர் திரும்ப வேண்டியவருக்கு இருவழி டிக்கெட்டாகவே போடுவோம். முதல் பாதியில் அவர் அங்கிருந்து இங்கே வருவார். இரண்டாவது பாதி, மூன்று வாரம் கழித்து இங்கிருந்து அங்கே போவது. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியது. அந்த நாளில் வாடிக்கையாளர் வீட்டில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பெயரில் ஓர் இருக்கை காலியாகக் கடலைத் தாண்டிப் போகும்.

"ரெண்டாவது பாதியை மறந்துடுங்க. போகவும் வேண்டாம், கேன்சல் பண்ணவும் வேண்டாம். சும்மா விட்டுடுங்க." இந்த வசனத்தை மூன்று வருடத்தில் நானூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒரே ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் மனசு கேட்காமல் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அவர் மனைவி ஆட்டோவில் துரத்திப் போய்ப் பிடித்து வந்தார்.

என் பக்கத்து மேஜையில் பிஎன்ஆர் அக்கா. மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது, டிக்கெட்டின் பிஎன்ஆர் என்கிற ஆறெழுத்து எண் மட்டும் ஆயுசுக்கும் மறக்காது. "வாங்க சார், கடைசியில க்யூ வருமே, அவர்தானே நீங்க" என்றுதான் வரவேற்பார். என்னைத் தம்பி என்பார். எனக்கு எண் இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இந்தக் கடையில் பதிந்துதான் எங்கள் அத்தையும் மாமாவும் கப்பலேறினார்கள்.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். குடுவை உடைத்த பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்காமல் தானே திட்டித் தீர்த்துவிடுவார். மாமா மின்சாரத் துறையில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அவர்களுடைய மூன்றாவது மாடி வீட்டில் தங்கித்தான் நான் படிக்கிறேன். ஓய்வு பெற்றும் மாமாவுக்குக் கை நிற்காது. தினமும் காலையில் எங்கள் வீட்டு மீட்டரைப் பார்த்து, நாள்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் குட்டி எழுத்தில் எண்ணைக் குறித்துவைப்பார்.

"மாப்ளே, கப்பல்ல ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு மணி நேரமாமே?" என்றார் ஒருநாள்.

"ஆமா மாமா. மேற்கே போகப் போக கடிகாரத்தைப் பின்னால வெச்சுட்டே போவாங்க. இந்தக் கம்பெனியில பகல் பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு வரும். பன்னிரண்டு பதினொண்ணாயிடும்."

"ஒரு மணி நேரம் சும்மாவா?"

"சும்மாதான்."

"அப்ப அந்தக் கப்பலே போடு."

அத்தைக்கு, விமானக் கம்பெனி கொடுத்த இலவசப் புள்ளிகளில் சித்தப்பா ஒருவழி போட்டிருந்தார், இருவழி மாமாவுக்கு மட்டும்தான். டிக்கெட்டை நீட்டியபோது எல்லோருக்கும் சொல்லும் வசனத்தை அவருக்கும் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டாவது பாதியை வெகுநேரம் பார்த்தார். "என் பேர் போட்டிருக்கேப்பா."

"இருக்கட்டும் மாமா. விட்டுடுங்க."

"பேர் போட்ட சீட்டை எப்படி விடறது?" என்றவர், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு என்பதால் பதினேழு நாளும் ஒரு தகவலும் இல்லை. கரை சேர்ந்தால் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். விமானத்துக்கு முந்தின நாள் வழக்கம்போல நானே இரண்டு பேருக்கும் செக்-இன் செய்து, போர்டிங் சீட்டுகளை அவர்கள் தங்கும் ஓட்டலுக்கு அனுப்பினேன். அடுத்தடுத்த இருக்கை. மாமாவுக்கு ஜன்னல்.

அழைத்துவர விமான நிலையம் போனேன். அத்தை மட்டும் தள்ளுவண்டியில் இரண்டு பெட்டியோடு வந்தார்.

"மாமா எங்க அத்தை? பாத்ரூமா?"

"வண்டியில ஏறு, சொல்றேன்."

டாக்சியில் என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். மேம்பாலம் தாண்டியது. பிறகு, கடையில் மளிகைப் பட்டியல் சொல்கிற குரலில் சொன்னார்.

"பதினோராம் நாள்டா. மேல்தளத்துல நாற்காலியில சாஞ்சு படுத்திருந்தார். மணி பன்னிரண்டு ஆச்சு. மணியடிச்சு அறிவிச்சாங்க, பதினொண்ணாக்கிட்டாங்க. மறுபடி பன்னிரண்டு ஆகறப்ப அவர் இல்லை."

டிரைவர் ரேடியோவை அணைத்தார்.

"கரைக்கு இன்னும் ஆறு நாள் இருக்குன்னாங்க. கடல்லயே விட்டுடலாமான்னு கேப்டன் வந்து கேட்டார். கையெழுத்துப் போட்டேன். மேல வாங்கம்மா, கடைசியா பாருங்கன்னு கூப்பிட்டாங்க. நான் போகல. கீழ கேபின்லயே உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் ஓட ஆரம்பிச்சுது. அவ்வளவுதான்."

"ஏன் அத்தை யாருக்குமே சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? கூடத்தானே வந்திருக்கார்" என்றார், பக்கத்து இடத்தைப் பார்த்தபடி. "கேட்ல ரெண்டு சீட்டையும் கொடுத்தேன். ரெண்டுமே பீப்னுச்சு. உள்ள ஒரு பொண்ணு தலையை எண்ணிட்டே வந்தா. எங்க வரிசையில வந்து முழிச்சா. திரும்பிப் போய் முதல்ல இருந்து எண்ணினா. ரெண்டாவது தடவை சரியா இருந்துச்சு."

மறுநாள் அலுவலகத்தில் சித்தப்பா அழுதார். மூக்கைச் சிந்தினார். பிறகு பகுத்தறிவுக்குத் திரும்பினார். "அக்கா குழம்பிப் போய் ரெண்டு சீட்டையும் நீட்டியிருக்கா. கேட்ல நின்னவன் பராக்குப் பார்த்துட்டே பீப் அடிச்சிருக்கான். அவ்வளவுதான்டா."

"தலை எண்ணினது?"

"அந்தப் பொண்ணு கணக்குல வீக்கா இருக்கும்."

பிஎன்ஆர் அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பெயருக்கு நேராகவும் 'பறந்தாயிற்று' என்று இருந்தது. "முதல் பாதிக்கு வராதவங்களோட ரெண்டாவது பாதியை சிஸ்டமே அழிச்சிடும் தம்பி. உங்க மாமாவோடது இன்னும் உயிரோட இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "டிக்கெட்டைச் சொன்னேன்" என்றார்.

வீட்டில் முதலில் தண்ணீரைத்தான் கவனித்தேன். சாப்பாட்டு மேஜையில் டம்ளருக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிறகு மெல்ல மறுபக்கம் சாயும். டம்ளர் அசையாது, மேஜை அசையாது. மேஜைக்கு அடியில் அட்டை வைத்துப் பார்த்தேன். ஆடாத மேஜை இப்போது ஆடியது, தண்ணீர் தன் போக்கில் போனது.

அடுத்தது கூடத்துக் கடிகாரம். பகல் பன்னிரண்டு ஆனதும் பதினொன்றாகும். முள் ஓடுவதை யாரும் பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டே நிற்பீர்கள், கண்ணிமைக்க வேண்டியிருக்கும், அதற்குள் பதினொன்று. நான் நேரத்தைச் சரி செய்து வைப்பேன். குளித்துவிட்டு வருவதற்குள் திரும்பியிருக்கும். அந்த வீட்டில் என்னைவிடச் சுறுசுறுப்பாக ஒருவர் இருந்தார்.

நாள்காட்டிதான் என்னை உட்கார வைத்தது. அன்றன்றைய கட்டத்தில் குட்டி எழுத்தில் மீட்டர் எண் விழுந்துகொண்டிருந்தது. மாமாவின் ஏழு, நடுவில் கோடு போட்ட ஏழு. அத்தை எழுதியிருப்பார் என்று நினைத்து, கீழே இறங்கிப் போய் மீட்டரைப் பார்த்தேன். எண் சரியாக இருந்தது. மீட்டர் பெட்டியின் சாவி வாட்ச்மேனிடம். அந்த வாரம் என்னைத் தவிர யாரும் சாவி கேட்கவில்லை என்றார் அவர்.

தர்க்கம் படிப்பவன் என்ற முறையில், பேய் இல்லை என்பதற்கு என்னிடம் நான்கு நிரூபணங்கள் இருந்தன. கல்லூரியில் அவற்றை நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தன. வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் செருப்பைக் கழற்றியதும், என்னை அறியாமல், "மாமா, நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

அத்தைக்குப் பயம் என்று எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் அந்தக் கடிகாரத்தை வைத்தே எழுந்தார், சமைத்தார், தூங்கினார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாக எங்களைவிட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். நான் மாலையில் வரும்போது அவருக்குக் காலைக் காபி. துக்கம் கேட்க வந்தவர்கள் கதவைத் தட்டித் தட்டித் திரும்பிப் போனார்கள், அவருக்கு அது உறங்கும் நேரம்.

எட்டாம் நாள் மாலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் வர்றீங்களா? உங்க அத்தை கேட்டைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க."

ஓடினேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. மைதானத்தில் ஒரு காக்கையும், ஒற்றை ஷூவும். அத்தை துவைத்து மடித்த ஆய்வக அங்கியைக் கையில் போட்டுக்கொண்டு, டிபன் பையோடு, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் நின்றார்.

"என்னடா இது, ஒரு பிள்ளையையும் காணோம்? இன்னைக்கு லீவா?"

"அத்தை, மணி அஞ்சரை."

"ஒன்பதரைடா. வீட்டுல பார்த்துட்டுத்தான் வந்தேன்."

மேற்கே சூரியன் மரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தார். முகத்தில் என்னவோ ஓடியது. பிறகு வாட்ச்மேனிடம், "அமிலப் பாட்டில் மூடியெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க வந்தேன்" என்று சமாளித்தார். வாட்ச்மேன் நல்ல மனிதர், "நாளைக்குப் பார்த்துக்கலாம்மா" என்றார். நடந்து வரும் வழியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது, உப்புக்காற்றில் வெகுநேரம் நின்றவர் கை மாதிரி.

விடுப்பை நீட்டச் சொல்லித் தலைமையாசிரியையிடம் நான்தான் கெஞ்சினேன். மாதம் முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார்.

பதினெட்டாம் நாள் நான் வீடு திரும்பியபோது கூடத்தின் நடுவில் மாமாவின் பெட்டி நின்றது. பெல்ட் கட்டி, பூட்டி, கைப்பிடியில் பெயர் அட்டை தொங்கியது. அத்தை அதன் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா அத்தை எடுத்து வெச்சீங்க?"

"நான் ஏன்டா எடுத்து வைக்கப் போறேன்." முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "டிக்கெட் இருக்காம் அவருக்கு. இன்னும் மூணு நாள்ல. நிஜமா?"

நான்தான் போட்டேன். ஒரு மனிதனை ஊருக்குக் கொண்டுவர, விலை குறைவு என்று, அவன் திரும்பிப் போகவும் தேதி குறித்துக் கொடுத்திருந்தேன். கட்டிய பெட்டியின் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது?

"இருக்கு அத்தை."

"கேன்சல் பண்ணிடு."

"கேன்சலே வேண்டாம். நான் செக்-இன் பண்ணலைன்னா அவர் ஏற முடியாது. சும்மா விட்டாப் போதும்."

"அப்ப விட்டுடு."

விட்டுவிடுவது எனக்கு மிகவும் கைவந்த காரியம். நானூறு பேருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு மாலை நான்கு, அத்தைக்கு இரவு பத்து, அதுவும் முந்தின நாள் இரவு.

"அத்தை, இப்படியே போனா இன்னும் ஆறு நாள்ல நீங்க முழுசா நேத்துல இருப்பீங்க."

"நேத்து நல்லாத்தானேடா இருந்துச்சு."

அதற்கு நான்கு நிரூபணங்களில் ஒன்றும் பதில் சொல்லவில்லை. "மாமாவுக்கு இங்க இருக்க இஷ்டமா?" என்று கேட்டேன்.

மேஜை மேல் டம்ளரில் தண்ணீர் இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் போனது.

"இல்ல" என்றார். "உட்கார மாட்டேங்கறார். ஜன்னல் ஜன்னலாப் போய் நிக்கறார். எங்க நிக்கறோம்னு புரியல அவருக்கு. நான்தானே கூட்டிட்டு வந்தேன், ரெண்டு சீட்டையும் நீட்டி. விட்டுட்டு வர மனசு வரலடா. கீழயே உட்கார்ந்திருந்தேனே, மேல போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். தனியா இறக்கிட்டாங்க அவரை. யாரோ நாலு பேர், பேர் கூடத் தெரியாதவங்க."

அழுதார். கப்பலிலிருந்து வந்த பிறகு அழுதது அன்றுதான். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை சொன்னார். "போகட்டும். ஆனா தனியாப் போகக் கூடாது. எனக்கும் அந்த பிளைட்ல சீட்டுப் போடு. பக்கத்து சீட்டு." பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "ஒருவழி போதும்" என்றார்.

அலுவலகத்தில் சித்தப்பா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "ஒருவழியா? டேய், அவ திரும்பி வரமாட்டாடா. போட மாட்டேன்னு சொல்லு."

"நாம போடலைன்னா வேற கடையில போடுவாங்க."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"இருவழி போடலாம் சித்தப்பா. விலை கம்மின்னு சொல்லலாம். மலிவுன்னா விடாத மாமாவோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவங்க, மறுத்துப் பேச மாட்டாங்க."

சித்தப்பா என்னை உற்றுப் பார்த்தார். கடை திறந்த நாள் முதல் எங்கள் இரண்டாவது பாதி ஒன்றை ஒருவர் பயன்படுத்த வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டது அதுவே முதல் தடவை. பிஎன்ஆர் அக்கா ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தார். போவது மாமாவின் விமானம், வருவது ஐந்தாம் நாள். "நல்ல நம்பர் விழுந்திருக்கு தம்பி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பாவே நேரில் வந்து கொடுத்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "அத்தான், வணக்கம்" என்று பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். பகுத்தறிவை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அக்கா, ரெண்டாவது பாதியைத் தூக்கிப் போட்டுடாத."

"நீதானேடா எல்லார்கிட்டயும் தூக்கிப் போடச் சொல்லுவ?"

"அது வாடிக்கையாளருக்கு."

"அப்ப நான் யாரு?"

"நீ அக்கா" என்றார் சித்தப்பா.

அத்தை வாக்குக் கொடுக்கவில்லை. சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்றே இரண்டு பெயருக்கும் செக்-இன் செய்தேன். மாமாவின் பெயரில், பயணி தன் பயணத்தை உறுதி செய்கிறாரா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கடிகாரம் ஒரு நொடி அதிகமாக ஓசையிட்டது போல இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

விமானம் பகல் ஒன்றரைக்கு. கவுன்டரில் மாமாவின் பெட்டியை எடைத் தட்டில் வைத்தேன். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கவுன்டர்ப் பெண் தட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். "உள்ள தண்ணி ஏதாவது இருக்கா சார்?" என்றாள். "தெரியாதுங்க" என்றேன், உண்மையாகவே. அலை அடங்கும் நேரம் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

அதற்குமேல் எனக்கு அனுமதி இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அத்தை நடந்து போனார். இடது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை இரண்டு பெயரும் பறந்தாயிற்று. வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் டம்ளரில் சமமாக நின்றது. அப்படி நிம்மதியைக் கெடுக்கும் தண்ணீரை நான் பார்த்ததில்லை. அதைக் குடிக்காமல் தொட்டியில் ஊற்றினேன்.

முதல் நாள் போன் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஓட்டலுக்குப் போட்டால், அம்மா காலையில் துறைமுகம் போனார், மாலையில் வந்தார் என்றார்கள். மூன்றாம் நாளும் அதே. அந்தத் துறைமுகத்தில் என்ன செய்கிறார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நான்காம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். நாளை மறுநாள் காலை வருவார் என்று பொய் சொன்னேன். அது பொய்யா என்று எனக்கே அப்போது தெரியாது.

ஐந்தாம் நாள் அவருக்குச் செக்-இன் செய்துவிட்டு மூன்று பேரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்தோம். அங்கே காலை, எங்களுக்கு மதியம். 'ஏறவில்லை' என்று இருந்தது. இது எங்களுக்குப் பழகிய வார்த்தை. நாங்கள் போட்ட இரண்டாவது பாதிகள் எல்லாவற்றுக்கும் நேராக இதே வார்த்தைதான் நிற்கும், ஒருநாளும் உறுத்தியதில்லை. அத்தனை காலி இருக்கைகளும் அன்று கண்முன் வரிசையாக வந்தன. அவற்றில் எவை உண்மையிலேயே காலியாகப் போயின என்று யாருக்குத் தெரியும்?

"கேட் மூட இன்னும் பத்து நிமிஷம்" என்றார் பிஎன்ஆர் அக்கா.

சித்தப்பா ஜன்னலுக்குப் போய்க் கீழே கண்ணாடிக் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பொம்மைக் கப்பலை எடுத்தார், வைத்தார். "ஒருவழியே போட்டிருக்கலாம்டா. திரும்ப வருவான்னு எதிர்பார்க்காமலாவது இருந்திருப்போம்."

"ஆறு நிமிஷம்."

அக்கா திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். நான்காவது நிமிடத்தில் கையை எடுத்தார்.

"ஏறிட்டாங்க" என்றார். பிறகு, என் மூன்று வருட அனுபவத்தில் முதல் தடவையாக, அத்தையின் பெயரைச் சொன்னார். "ஏறிட்டாங்க தம்பி."

சித்தப்பா ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டார். "எத்தனை தலை?"

"ஒண்ணு சித்தப்பா. மாமாவுக்கு இனி டிக்கெட் இல்லை."

மறுநாள் காலை அத்தை ஒரே ஒரு கைப்பையோடு வந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு, தலை கலைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "காபி வாங்கிக் கொடு முதல்ல. அந்த ஊர்ல காபின்னு கழுநீரைக் கொடுக்கறாங்க" என்றார். விமான நிலையத்துக் காபியை இரண்டு கை சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்.

"போறப்ப இருந்தவர், பாதிக் கடல்ல எழுந்துட்டார்டா. சாப்பாட்டுத் தட்டெல்லாம் எடுத்துட்டுப் போயிருந்தாங்க. பெல்ட்டைக் கழட்டினார். 'இங்கதான்'னார். எனக்குக் கீழ ஒண்ணும் தெரியல, வெறும் மேகம். அவருக்குத் தெரிஞ்சுது. நான் கையைப் பிடிச்சிருந்தேன். பிடிச்சுட்டே இருந்தேன். கடைசியில என் கையை நானே பிடிச்சிட்டிருந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, இறங்கறதுக்கு முன்னால எண்ணியிருக்காங்க. ஏறினது இத்தனை, இருக்கறது ஒண்ணு கம்மி. பாத்ரூமெல்லாம் தட்டிப் பார்த்தாங்க. இறங்கினதும் ஒரு ரூம்ல உட்கார வெச்சு, கூட வந்தவர் எங்கம்மான்னாங்க. நடுக்கடல்ல இறங்கிட்டார்னேன். கப்பல்ல கொடுத்த காகிதத்தைக் காட்டினேன். தேதியைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. அந்த அதிகாரி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்தார் பாவம். துறைமுகத்துல இருக்கற ஆபீஸுக்குத் தினமும் வந்து கையெழுத்துப் போடச் சொன்னாங்க. நேத்து காலையிலதான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாங்க, பிளைட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கறப்ப. ஓடு ஓடுன்னு ஓடினேன்."

"திரும்பி வரணும்னு நினைச்சீங்களா அத்தை? போறப்ப?"

காபியை ஒரு மிடறு குடித்தார். "போறப்ப நினைக்கல."

வெளியே வந்து டாக்சி பிடித்தோம். பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. வண்டி கிளம்பியதும், அவராகவே பேசினார்.

"கையை விடறப்பத்தான் கஷ்டமா இருந்துச்சு. அப்பறம் அவ்வளவு இல்லை." கொஞ்ச தூரம் போனது. "இந்தத் தடவை பார்த்துட்டேன்டா. கண்ணை மூடாமப் பார்த்தேன்."

நேராகப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றார். மணி எட்டேகால், குளிக்கக்கூட இல்லையே என்றேன். கேட்கவில்லை. எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று டிரைவர் என்னைத்தான் கேட்டார். அத்தை முன்னால் குனிந்து வழி சொன்னார்.